காலையில் அசைத்த கை

இப்படியொரு கட்டுரையை வழக்கமாக ஓய்வுபெறுகிறவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் அடுத்த வாரம் அம்பத்தூரை விட்டு வேறு வேலைக்குப் போகிறேன். நம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னைவிட நாலைந்து வயதுதான் சின்னவர்கள். உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியாது. சொல்லாமல் போனால் மனசு கேட்காது, அவ்வளவுதான்.

போன வாரம் உங்களில் ஒருவர் சிரித்ததைப் பார்த்தேன். கருப்பு ஷெட்டுக்குள் யாராவது போவதென்றால், இயந்திரக் கையின் கைப்பிடியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து, சுவரில் ஓடும் டேப்பைக் கழற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முற்றத்தில் வந்து நிற்கவேண்டும் என்று இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. "சாமிக்கு மாலை கொண்டாந்த மாதிரி இருக்கு சார்" என்றார். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், அந்த வழக்கம் எப்படி வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது உறைத்தது.

நான் சேர்ந்தபோது இது இடுக்கி செய்கிற இடம். தொடக்கூடாத பொருள்களைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் எடுத்து வைக்கிற நீள இடுக்கிகள். ஒருநாள் ஓர் ஆய்வு நிலையத்திலிருந்து கேட்டார்கள்: ஓர் இயந்திரக் கை சந்திரனில் நிற்கிறது, அதை இங்கே தரையில் உட்கார்ந்தபடி ஒரு மனிதன் இயக்கினால் எப்படி இருக்கும்? செய்து காட்ட முடியுமா? எனக்குத் தலைகால் புரியவில்லை. பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவனுக்குச் சந்திரனில் வேலை!

சந்திரனை நாங்கள் இரண்டாவது ஷெட்டில் கட்டினோம். அங்கே காற்று இல்லை, அதனால் வெளிச்சம் சிதறாது. வெளிச்சம் படாத இடம் முழு இருட்டு. எனவே உள்சுவர், கூரை, கதவு எல்லாவற்றுக்கும் கருப்பு அடித்தோம். ஓரத்தில் ஒரே ஒரு பெரிய விளக்கு. தரைக்கு, பக்கத்து ஊரான பாடியில் இரும்பு வார்க்கிற பட்டறை கழித்துக்கொட்டிய கரிமண்ணை லாரியில் கொண்டுவந்து பரப்பினோம். கல்லுக்கு, செங்கல் சூளையில் உருகி இறுகிப்போன கட்டிகள். அவை பார்க்கப் பாறை மாதிரி இருக்கும், அழுத்திப் பிடித்தால் உதிரும். இயந்திரக் கைக்கும் கருப்புதான் அடித்தோம். விரல்கள் மட்டும் வெறும் எஃகு. இதனால் என்ன ஆயிற்றென்றால், கேமரா வழியாகப் பார்க்கும்போது கை தெரியாது. இருட்டில் மூன்று விரல்கள் மட்டும் மிதந்து வரும். வெளியே அம்பத்தூர் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். திரையில் அந்த விரல்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் வேர்த்த முதுகு குளிரும்.

முற்றத்துக்கு இந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறை. அங்கே இயந்திரக் கையை இயக்கும் கைப்பிடியில் உட்கார்ந்தவள் கஸ்தூரி. டிப்ளமா படித்தவள், அப்பாவுக்கு ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடும்பம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவளுக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை. அந்த வேலைக்குப் பொறுமைதான் வேண்டும். சந்திரனுக்குச் சமிக்ஞை போய்த் திரும்ப நேரம் பிடிக்கும் என்பதால், அவள் கை அசைத்து ஏறக்குறைய மூன்று விநாடி கழித்துத்தான் இயந்திரக் கை அசையும்படி செய்திருந்தோம். நம் கை நின்றுவிட்டிருக்கும். திரையில் விரல்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கும். பதறித் திருத்தினால், திருத்தமும் மூன்று விநாடி கழித்து வந்து சேரும், அதற்குள் எல்லாம் தப்பாகியிருக்கும். கொஞ்சம் அசை, நிறுத்து, காத்திரு, பார், பிறகு மறுபடி அசை. அது ஒன்றுதான் வழி.

"நம்ம ஆவி நமக்குப் பின்னால வர்ற மாதிரி இருக்கு" என்பாள் கஸ்தூரி.

அந்தத் தாமதத்தை உண்டாக்கியது டேப், பாட்டுப் பதிவு செய்கிற அதே காந்த டேப். கைப்பிடியின் அசைவை ஒரு பதிவு முனை டேப்பில் எழுதும். டேப் ஓடிப்போய், மூன்று விநாடி கழித்து அடுத்த முனை அதைப் படித்து இயந்திரக் கைக்கு அனுப்பும். டேப்பின் இரண்டு நுனியையும் ஒட்டி வளையமாக்கி, மில்லில் கழித்த நூல் கட்டைகளின் மேல் சுவர் முழுக்க ஓட விட்டிருந்தோம். ஒரு சுற்று வர இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுற்றி வந்ததும், எழுதும் முனை பழையதை அழித்துப் புதியதை எழுதும். இதை மட்டும் நினைவில் வையுங்கள்: அழிப்பதும் எழுதுவதும் ஒரே ஸ்விட்ச்.

இன்னொன்று. விரல்களுக்குள் ஒரு கனத்த சுருள்வில். மின்சாரம் போனால் அது விரல்களை முழுப்பலத்தோடு மூடிவிடும். ஆய்வு நிலையத்தின் நிபந்தனை அது. சந்திரனில் மின்சாரம் தடைப்பட்டு, எடுத்த பொருள் கைதவறி விழுந்தால் யார் போய் எடுப்பது? எங்களுக்கும் அந்த வில்லில் ஏகப் பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவோம்.

மூன்றாவது ஆள் ஏழுமலை. ஃபிட்டர், பாடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை "நைனா" என்பார். கஸ்தூரி அவரை ஊர் வழக்கப்படி "அண்ணாச்சி" என்பாள். "நான் இன்னா மளிக கடையா வச்சிகினு கீறேன், அண்ணாச்சின்றே?" என்று அவர் தினம் ஒரு தடவை கேட்பார். அவளும் தினம் ஒரு தடவை, "கால் கிலோ துவரம்பருப்பு குடுங்க அண்ணாச்சி" என்பாள்.

பக்கத்து ஷெட்டில் போல்ட் பொட்டலம் கட்டுகிற பெண்கள், சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே யாருமில்லாமலே விரல் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஷெட்டுக்குப் பேய் ஊடு என்றே பெயர். "பேயி இருந்தா நல்லதுதாம்மே, ஓவர்டைம் கேக்காது" என்று ஏழுமலை அவர்களை அனுப்பிவைப்பார்.

ஆய்வு நிலையத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. திருப்தியாக இருந்தால் வேலை தொடரும். இல்லையென்றால் பழையபடி இடுக்கி. அன்று காலை கஸ்தூரி கடைசி ஒத்திகை பார்த்தாள். முக்காலி மேல் வைத்த கல்லுக்கு நேரே விரல்களை இறக்கினாள், கட்டி உதிராதபடி மெதுவாகப் பிடித்தாள். நழுவியது. விரல்களைத் திறந்தாள், கொஞ்சம் யோசித்தாள், இந்தத் தடவை இறுக்கிப் பிடித்துத் தூக்கித் தட்டில் வைத்தாள்.

"சாயங்காலம் இப்படி நழுவுச்சுன்னா நாமளும் நழுவிடுவோம்" என்றேன் நான்.

அவள் முகம் சிவந்துவிட்டது. கைப்பிடியை விட்டாள். வழக்கமாக எல்லாவற்றையும் அணைத்துவிடுவோம். அன்றைக்கு மின்கருவிகளின் வால்வுகள் சூடாகவே இருக்கட்டும், விருந்தாளிகள் வரும்போது தடுமாறக்கூடாது என்று எழுதும் ஸ்விட்சை மட்டும் அணைத்தாள். அது பாதுகாப்புத்தானே? இனி யாருடைய கை தெரியாமல் கைப்பிடியில் பட்டாலும் இயந்திரக் கைக்குப் போகாது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சரி என்றுதான் நினைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டு வந்த பிறகு, ஏழுமலையிடம் மைக்கில், "போகலாம்" என்றேன்.

அவர் உள்ளே போய், தட்டிலிருந்த கல்லையும் முக்காலியையும் எடுத்து ஓரமாக வைத்தார். கரிமண்ணில் விழுந்திருந்த தடங்களைத் தட்டிச் சமன்செய்ய, கல் இருந்த அதே இடத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். முதுகு இயந்திரக் கைக்கு. உள்ளே புழுக்கத்துக்காகப் பெரிய மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இருட்டில் மூன்று விரல்கள் மிதந்து வந்தன.

முதலில் எனக்குப் புரியவே இல்லை. திரும்பிக் கஸ்தூரியைப் பார்த்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். கைப்பிடியில் யாருமில்லை. விரல்கள் கொஞ்சம் வந்தன, நின்றன, காத்திருந்தன. ஒரு மனிதர் யோசிக்கிற மாதிரியே இருந்தது. மறுபடி கொஞ்சம் இறங்கின. ஏழுமலையின் பின்கழுத்துக்கு மேலே வந்து விரிந்தன.

"ஏழுமலை" என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் விரல்கள் மூடிவிட்டன.

ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. அலறல் இல்லை. சிரிப்பு.

"இன்னா நைனா, வெளாட்றியா? கைய எடு. சில்லுனு கீது."

என் கை பிரதான ஸ்விட்சின் மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியாது. யாருக்கும் போகும், உங்களுக்கும் போகும். சிவப்புப் பிடி, அதற்குத்தானே சிவப்பு அடித்து வைத்திருக்கிறோம்? இழுக்கப் போன நொடியில் அந்த வில் ஞாபகம் வந்தது. மின்சாரம் போனால் முழுப்பலம். பிடிக்குள் இருப்பது கல் இல்லை.

"தொடாதீய!" என்றாள் கஸ்தூரி அதே நேரத்தில்.

கையை எடுத்தேன். அவள் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் திருப்பிச் சுவரில் ஓடும் டேப்பைப் பார்த்தாள். எழுதுவதை நிறுத்தினால் அழிப்பதும் நிற்கும். அழிக்காத டேப் சுற்றிச் சுற்றி வரும். படிக்கும் முனை சளைக்காமல் படித்துக்கொண்டேயிருக்கும். போல்ட் கட்டுகிற பெண்கள் பார்த்தது பொய்யில்லை. முன்பும் சில மத்தியானங்களில் அப்படி விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறோம்.

"எழுதுற ஸ்விட்ச்ச மறுபடி போடவா?" என்றேன்.

"வேண்டாம். கைப்பிடி ஓய்வுல கெடக்கு. இயந்திரக் கை அங்கன ஒரே பாய்ச்சலா பாயும். வெரலு தொறக்கதுக்கு முன்ன தோளு அண்ணாச்சிய இழுத்துரும். டேப்ப நிறுத்துனாலும் பிடி விடாது."

ஒலிபெருக்கியில் ஏழுமலை, "ஏய், கைய எடுன்றேன்ல" என்றார்.

நான் மைக்கை அழுத்தினேன். "ஏழுமலை, நான் இங்க இருக்கேன். கண்ட்ரோல் ரூம்ல."

திரையில் அவர் தோள்கள் மெதுவாக விறைத்தன.

"அப்ப இது யாரு?"

கஸ்தூரி என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"அது நான்தான் அண்ணாச்சி."

"நீ அங்கேர்ந்துதானம்மா பேசிகினு கீறே?"

"பேசுதது இப்ப உள்ள நான். பிடிச்சிருக்கது காலையில உள்ள நான். அசையாதீய. காலையில கல்லு உதிரக்கூடாதுன்னு மெல்லத்தான் பிடிச்சேன். வலிக்குதா?"

"வலிக்கல." அவர் குரல் சின்னதாகிவிட்டது. "யாரோ கூப்புட்றதுக்காகக் கைய வச்சா மாரி கீது."

"அப்படியே இருங்க. கல்லு நழுவிரிச்சின்னு நான் திறப்பேன். திறந்த உடனே குப்புற விழுந்துருங்க, எந்திரிக்கக் கூடாது. அடுத்த பிடி இறுக்கிப் பிடிச்சிருக்கேன்."

"எப்பம்மா தொறப்ப?"

திரையில் எதுவும் அசையவில்லை. விரல்கள் அவர் கழுத்தில் அமைதியாகக் கிடந்தன.

"தெரியல அண்ணாச்சி. காலையில எவ்வளவு நேரம் யோசிச்சேன்னு ஞாபகம் இல்ல."

நீங்கள் ஒருநாள் என்னைக் கேட்டீர்கள், நெருக்கடியில் வேகமாக முடிவெடுப்பது எப்படி என்று. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்று அந்த அறையில் வேகமாகச் செய்யக்கூடிய ஒவ்வொன்றும் அவரைக் கொன்றிருக்கும். ஓடிப்போய் விரல்களைப் பிரிக்கலாமா? இரண்டு பேர் இழுத்தாலும் பிரியாது, அதிர்ச்சியில் அவர்தான் துள்ளுவார். சும்மா இருப்பதுதான் மிச்சம். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை, அந்தச் சிவப்புப் பிடிக்கு ஒரு முழம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதுதான். கஸ்தூரியின் வலது கையைப் பார்த்தேன். காற்றில், அவளுக்கே தெரியாமல், அது காலையில் செய்ததைச் செய்துகொண்டிருந்தது. கட்டைவிரல் மெல்ல அசைந்தது. நினைவு அவளுக்கு இல்லை, கைக்கு இருந்தது.

கட்டைவிரல் விலகியது.

"இப்ப!" என்றாள் மைக்கில். "விழுங்க!"

சொல்லும்போது விரல்கள் இன்னும் மூடியிருந்தன. சொல்லி முடித்ததும் திறந்தன. ஏழுமலை கல் விழுவதுபோல விழுந்தார். கரிமண் புகைபோல எழும்பித் திரையை மறைத்தது. அது அடங்கியபோது, விரல்கள் அவருக்கு மேலே வெற்றிடத்தில் விரிந்து, காத்திருந்து, பிறகு டக்கென்று இறுகின. ஒன்றுமில்லாததைத் தூக்கின. மிகக் கவனமாகக் கொண்டுபோய்த் தட்டில் இறக்கி வைத்தன.

அவர் தவழ்ந்தே வெளியே வந்தார். முகம், மூக்கு, வாயெல்லாம் கரி. முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்து துப்பினார். கஸ்தூரி ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, மொத தபா நழுவாம இருந்திருந்தா?"

அவள் அழ ஆரம்பித்தாள்.

"சரி சரி. இனிமே நைனா திட்னா கேக்காத. நல்லா நழுவ வுடு."

சாயங்காலம் பார்வையாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். விருந்தாளிகளிடம் சொல்ல வேண்டாம், டேப்பை நிறுத்திவிட்டோம், ஒழுங்காகக் காட்டிவிடலாம் என்று எனக்கு ஓர் எண்ணம் ஓடியது. ஓடி முடிவதற்குள் கஸ்தூரி, காப்பி ஆறும் முன்பே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எங்கள் சந்திரன் அன்றோடு மூடிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த இருவரில் மூத்தவர் அதிகம் பேசாதவர். "அந்த வில் நாங்க கேட்டது" என்றார். பிறகு, "மின்சாரத்த நிறுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு பார்க்கணும்" என்றார்.

ஏழுமலைதான் எழுந்து போனார். கேன்டீனிலிருந்து ஒரு சின்னப் பரங்கிக்காயைக் கொண்டுவந்தார். வாளியைக் கவிழ்த்து, முட்டிபோட்ட ஆளின் கழுத்து உயரத்துக்கு அவரே அதை வைத்தார். வைத்துவிட்டு ஒரு கணம் பார்த்துவிட்டு, கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினார்.

அதை வைக்க உள்ளே நுழையும் முன்புதான் அவர் அந்த விதியைச் சொல்லியிருந்தார். "நான் உள்ள பூந்தா, டேப்ப கயட்டி கையில வச்சிகினு முத்தத்துல நிக்கணும். இப்ப ஆட்ற கையி, காத்தால ஆட்ன கையி, ரெண்டும் என் கண்ணுக்குத் தெரியணும்." கஸ்தூரி டேப்பை ஏந்திக்கொண்டு வந்து, அவர் வெளியே வரும்வரை நின்றிருந்தாள்.

பிறகு அவள் டேப்பைத் திரும்ப மாட்டி, கைப்பிடியில் உட்கார்ந்து, விரல்களை இறக்கி, பரங்கிக்காயை மெதுவாகப் பிடித்தாள். தோலில் கீறல்கூட இல்லை. மூத்தவர் தலையசைத்தார். நான் சிவப்புப் பிடியை இழுத்தேன்.

திரை உடனே அணைந்துவிட்டது. பார்க்க முடியவில்லை. முற்றத்தைத் தாண்டிச் சத்தம் மட்டும் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

மூத்தவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு நீண்ட நேரம் கழித்து வந்தார். "தரையில சோதிக்கிற வரைக்கும் அந்த வில்ல கழட்டி வைங்க. வேலைய நிறுத்த வேண்டாம்" என்றார். கஸ்தூரியிடம், "இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா நிறுத்தியிருப்பேன்" என்றார். அவர்கள் கார் கிளம்பிப் போனது.

ஷெட்டைச் சுத்தம் செய்யலாம் என்று நான் துடைப்பத்தோடு போனேன். ஏழுமலை அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரிமண்ணில் சிதறிக் கிடந்த பரங்கித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஊதி ஊதித் தோள்துண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"விடுங்க ஏழுமலை, குப்பையில போட்றலாம்."

"ஊட்டுக்கு எத்துகினு போறேன். சாம்பார்ல போடச் சொல்றேன்."

"கரியெல்லாம் ஒட்டிகிட்டு இருக்கு."

"கய்வுனா பூடும்." அவர் ஒரு துண்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எஃகு விரல் பதிந்த குழி அதில் ஆழமாக இருந்தது. "எங் கயுத்து நைனா இது. எதுக்கு வீணாப் போவணும்?"